பெட்ரோல் மூடியில் வைத்த பொட்டு

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலத்தில் எங்கள் துரை சீமைக்குக் கிளம்பினார். வாலிப வயதில் வாங்கிய, மேல் மூடாத சிவப்புக் காரை என் வீட்டுக்காரருக்கு விற்றுவிட்டுப் போனார். இவர் தோட்டத்து லொறி டிரைவர். டிரைவரைச் சேர்த்து மூன்று பேர் மட்டும் நெருங்கி உட்காரும் பழைய ரேஸ் கார் இவருக்கு எதற்கு என்று நாங்கள் குடியிருந்த லயமே சிரித்தது.

"சிரிக்கட்டும் புள்ள. கல்யாண ஊர்கோலத்துக்கு இந்த மாதிரி காரு பதுளப் பக்கம் வேற யாருகிட்ட இருக்கு?" என்றார் இவர்.

வாங்கிய அன்றே கோயிலுக்குக் கொண்டுபோனோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை நடந்தது. லைட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் நான்தான் சந்தனம் குங்குமம் வைத்தேன். பின்னால் இருந்த பெட்ரோல் மூடிக்கும் ஒன்று வைத்தேன். கார் சாப்பிடுகிற வாய் அதுதானே என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது இரண்டு மைல்கட்டை தூரத்தில் கார் இருமியது, நின்றது. இவர் மூடியைத் திறந்து ஒரு தேயிலைக் குச்சியை விட்டுப் பார்த்தார். பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டுக் கிளப்பினால் ஓடியது. வீட்டுக்குக் கிட்டே வந்ததும் மறுபடியும் நின்றது.

பதுளையில் ஒரு கராஜில் பாஸ் ஒருவர் இருந்தார். வாகன வேலை தெரிந்தவரை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் காபரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பைப்பை ஊதினார், பெட்ரோல் பம்பை மாற்றினார். பசாருக்குள் ஒரு சுற்று சுற்றினால் பஞ்சு போல ஓடும். தோட்டத்து ஏற்றத்துக்கு வந்தால் நின்றுவிடும். மூன்று வாரம் இதே கதை.

பீலியடியில் தண்ணீர் பிடித்த பெண்கள், "கண்ணு பட்ருச்சு" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. வெள்ளிக்கிழமைதோறும் காரைக் கழுவி, முன்னைவிடப் பெரிய பொட்டாக வைத்தேன்.

இதற்குள் லுணுகலையில் ஒரு கங்காணி தன் மகள் கல்யாணத்துக்குக் காரைக் கேட்டுவிட்டார். அதுதான் முதல் வாடகை. கல்யாணத்துக்கு முதல் நாள் பாஸ் பஸ் ஏறித் தோட்டத்துக்கே வந்தார். இருவரும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, லயத்துக்குக் கீழே உள்ள வளைவில் கார் நின்றது. நான் தேத்தண்ணீரும் டின்பாலும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"அண்ணே, காரு வராதுன்னு கங்காணிக்கு இப்பவே ஆள் அனுப்பிருங்க. நடு ரோட்டுல பொண்ண எறக்கித் தள்ளச் சொன்னா, நம்ம ரெண்டு பேரையும் பந்தக்கால்ல கட்டி வச்சிருவாங்க" என்றார் பாஸ்.

இவர் சிரிக்கவில்லை. "அனுப்பிர்றேன். காரையும் நீங்களே கொண்டுபோயி கழட்டி வித்துருங்க பாஸ். ஊரு சிரிச்சது சரியாத்தான் போச்சு."

சொல்லிக்கொண்டே பெட்ரோல் மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று ஒரு சத்தம். நான் டின்பாலைக் கோப்பையில் சாய்த்தேன். பால் விழவில்லை. டின்னின் மேல் குத்தியிருந்த இரண்டு ஓட்டையில் ஒன்று காய்ந்த பாலில் அடைத்திருந்தது. சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துக் குத்தினேன். மறு ஓட்டை வழியாகப் பால் நூலாக இறங்கியது.

அந்தச் சத்தம் மனதில் திரும்ப வந்தது. காற்று உள்ளே போன சத்தம் அல்லவா அது? சீட்டின் மேல் கிடந்த மூடியைப் பார்த்தேன். என் சந்தனம் அதன் நடுவில் ஓடு மாதிரி காய்ந்திருந்தது.

வெளி ஆம்பிளைகள் முன்னால் நான் வாய் திறந்ததில்லை. மூடியை எடுத்துத் திரும்பி நின்று ஊக்கால் சுரண்டினேன். ஊசி போகிற அளவுக்கு ஒரு ஓட்டை தெரிந்தது.

"என்ன தங்கச்சி, மூடிக்குப் பாலிஷா?" என்றார் பாஸ்.

மூடியை நீட்டி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "டின்பாலுக்கு ரெண்டு ஓட்ட வேணும்ல... இதுல இருந்த ஓட்டைய நான் சந்தனத்த வச்சு அடச்சிருக்கேங்க."

பாஸ் மூடியை வாங்கி ஊதினார். வானத்துப் பக்கம் தூக்கிப் பார்த்தார். "அடக் கடவுளே! டேங்குக்குள்ள காத்துப் போனாத்தானே பெட்ரோல் வரும்! மூணு வாரமா சாமி சந்தனத்தோடயா அண்ணே மல்லுக்கட்டினோம்?"

"சாமிய இழுக்காதீங்க பாஸ். எல்லாம் நம்ம வீட்டம்மா வேல."

எனக்கு முகம் எரிந்தது. ஆனால் இவர் திட்டவில்லை. உடனே இருவரும் காரைக் கிளப்பிக்கொண்டு மலையேறினார்கள். நான் வளைவிலேயே நின்று காது கொடுத்தேன். வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டியும் சத்தம் போய்க்கொண்டே இருந்தது.

மறுநாள் லுணுகலைக்கு நானும் போனேன். பொண்ணும் மாப்பிள்ளையும் ஏறுவதற்கு முன், பொண்ணுவீட்டு அம்மா ஒருவர் சந்தனக் கிண்ணத்தோடு காரைச் சுற்றி வந்தார். பின்பக்கம் போனதும் இவர் பதறி ஓடினார்.

"முன்னுக்கு எங்க வேணும்னாலும் வைங்கம்மா. அந்த மூடிய மட்டும் விட்ருங்க."

"ஏன் தம்பி, அதுக்கு மட்டும் என்ன குத்தம்?"

இவர் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். மேளம் கிளம்பியது. அதற்குப் பின்னால் கார் நிற்காமல் ஏற்றம் ஏறியது.