கடைசி அத்தியாயத்தை யாரிடமும் சொல்லாதீர்கள்

மர்ம நாவல் எழுதுவது சுலபம். அதை நம் ஆட்களிடமிருந்து காப்பாற்றுவதுதான் கஷ்டம். கவிதை எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கவிதையின் முடிவை முன்கூட்டியே சொல்லிக் கெடுத்தவன் எவனுமில்லை. பகலில் பாசிர் கூடாங்கில் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் வேலை, மற்ற நேரத்தில் பெர்மாஸ் ஜெயா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வெளிநாட்டுக் கொலைகள் என்று காலம் தள்ளும் எனக்கு ஆசை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், கொலைகாரன் யாரென்று தெரியாமல் என் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு வாயைப் பிளக்க வேண்டும். பரிசு வேண்டாம், பொன்னாடை வேண்டாம். எழுதிக் கெட்ட சக ஜீவன்களே, இந்த அற்ப ஆசைக்கு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

குளுவாங்கை விட்டு ஓடியது

ஆரம்பத்தில் நானும் நல்ல பிள்ளையாகக் குடும்ப நாவல்தான் எழுதினேன். கதை நடக்கும் ஊர் குளுவாங். ஒரு பெரிய குடும்பம், ஒரு வீடு, ஒரு சொத்துத் தகராறு. யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை என்று முன்னுரையில் சத்தியம் வேறு பண்ணியிருந்தேன். அதுதான் வினையாகிப் போனது. மனதில் வைத்து எழுதாதவள் எதற்குச் சத்தியம் பண்ணுகிறாள் என்று என் வீட்டுக்காரர் பக்கத்துச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நல்லவர்கள் இரண்டே பேர்தான் கதையில். அந்த இரண்டு இடத்துக்கு ஏகப்பட்ட போட்டி.

என் மூத்த நாத்தனார் விஜயா அண்ணி குளுவாங்கிலேயே இருக்கிறவர். அவருக்கு அந்தப் போட்டிக்கெல்லாம் நேரமில்லை. நாவலில் மாமியார் செத்த அன்றைக்குப் பட்டுப்புடவைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் ஒரு பெண் வருகிறாள். அண்ணி போன் பண்ணினார். நல்லா இருக்கியா என்று ஒரு வார்த்தை இல்லை. "அந்தப் பொட்டி காலியாத்தான் இருந்துச்சு, தெரியுமா? இனிமே எழுதறதுன்னா கண் காணாத ஊரா பாத்து எழுது, எங்க குளுவாங்க விட்ரு!"

பெர்கனில் தே ஓ ஐஸ்

கண் காணாத ஊருக்கு நான் எங்கே போவேன்? என் பாஸ்போர்ட்டில் சிங்கப்பூரைத் தவிர வேறு ஊர் கிடையாது. ஆனால் ஆபீசில் என் கையில் புரளும் சரக்குப் பத்திரங்களில் உலகத்துத் துறைமுகங்கள் எல்லாம் வரிசை கட்டி நின்றன. ரோட்டர்டாம், லிஸ்பன், பெர்கன். நம்ம ஊர் பாமாயிலும் அன்னாசி டின்னும் போகிற இடத்துக்கு ஒரு பிணத்தையும் சேர்த்து அனுப்பினால் என்ன என்று தோன்றியது. அப்படித்தான் என் முதல் சர்வதேச மர்மம் நார்வே நாட்டில் பெர்கன் துறைமுகத்தில் நடந்தது.

குளிர் என்றால் எனக்குத் தெரிந்தது எங்கள் ஆபீஸ் ஏர்கான் குளிர் ஒன்றுதான். ஆகவே என் துப்பறியும் அதிகாரி ஸ்வெட்டர் போட்டு, காதில் பஞ்சு வைத்து, நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டு கொலைகாரனைத் துரத்தினார். எங்கள் மேனேஜர் சிவநாதனுக்கு நார்வேயில் சொந்தம் உண்டு. சிலோன் வழிக் குடும்பம், ஒரு குளிர்காலத்தில் போய் வந்தவர். படித்துப் பாருங்கள் சார் என்று பிரதியைக் கொடுத்தேன். மூன்றாவது அத்தியாயத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டார். "மாலதி, கொலைய நம்பிட்டேன். ஆனா வெளிய அவ்ளோ ஸ்னோ கொட்டுது, இந்த ஆளு கடைக்குள்ள வந்து தே ஓ ஐஸ் கேக்கறான். அத எப்படி லா நம்பறது?"

அழகாக மறைத்தது

பால் கலக்காத அந்தத் தேத்தண்ணியை, தே ஓவை மட்டும் சூடாக்கிப் புத்தகம் போட்டேன். நம் நாட்டில் தமிழ்ப் புத்தகம் வெளியாக வேண்டுமென்றால் ஆய்வுரை இல்லாமல் முடியாது. ஆய்வுரை என்றால் கதையை முதலிலிருந்து கடைசி வரை மேடையில் ஒப்பிப்பது. குடும்ப நாவலுக்கு அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. மருமகள் அழுவாள், மாமியார் திருந்துவாள், எல்லாருக்கும் தெரிந்ததுதான். மர்ம நாவலுக்கும் அதையே செய்வார்கள் என்று எனக்கு உறைக்கவே இல்லை, மடச்சி!

மைக்கைப் பிடித்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் அரங்கநாதன். ஊரே வாத்தியார் ஐயா என்றுதான் கூப்பிடும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொலை செய்தவர் கப்பல் கேப்டன்தான் என்பதை நூலாசிரியர் எவ்வளவு அழகாக மறைத்திருக்கிறார், பாருங்கள்!" என்று ஆரம்பித்தார். ஆரம்பமே அதுதான். அதற்கப்புறம் நான் எங்கெங்கே மறைத்தேன் என்பதைப் பக்க எண்ணோடு வாசித்துக் காட்டினார். சபை கைதட்டியது. மாலையும் கழுத்துமாக மேடையில் உட்கார்ந்து நானும் பல்லைக் காட்டினேன்.

கீழே மீகூன் நூடுல்ஸ் சாப்பிடும் இடத்தில் ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். கண்ணில் நீர் தளும்ப, தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு என் தலையில் கை வைத்தார். "ஐயா முழுக்கதையும் சொல்லிட்டாரும்மா, இனி படிக்கிற வேலையும் மிச்சம். நல்ல கதை, தொடர்ந்து எழுதுங்க."

நார்வே வரை வந்த அண்ணி

அண்ணி அந்த விழாவுக்கு வரவில்லை, கோபம். ஆனால் எப்படியோ ஒரு புத்தகம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கொலையைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை. தன்னைத் தேடிக்கொண்டு பக்கம் பக்கமாகப் போயிருக்கிறார். கிடைத்ததும் மூடிவிட்டார். பெர்கனில் விடுதி நடத்தும் இங்ரிட் என்று ஒருத்தியைப் படைத்திருந்தேன். பொன்னிறக் கூந்தல், நீலக் கண். குடியிருப்பவர்கள் எடுத்துத் தின்றுவிடுவார்கள் என்று ஃப்ரிட்ஜைப் பூட்டி வைக்கிறவள். இவ்வளவு தூரம் கடல் தாண்டிப் போனவளை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று தைரியமாக இருந்தேன். போன் வந்தது. "தலைமுடிக்கு சாயம் அடிச்சிட்டா எனக்குத் தெரியாதா? நார்வேயா இருந்தா என்ன, ஃப்ரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டவ இந்த உலகத்துல நான் ஒருத்திதானே!"

லிம் கேட்ட கேள்வி

அடுத்த நாவல் லிஸ்பன். இந்த முறை உஷாராகிவிட்டேன். அண்ணியை எந்த வேஷத்திலும் உள்ளே விடுவதில்லை என்று முடிவு. அண்ணி வயதுப் பெண் ஒருத்தி கூடக் கிடையாது. அடுப்பங்கரைக் காட்சியே வைக்கவில்லை. ஊரில் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் மருந்து கொடுத்துக்கொண்டு ஒரு குழந்தை டாக்டர் தங்கமான மனுஷனாக நடமாடுவார். அவர்தான் கொலைகாரர். இதை எழுதி முடித்த அன்றைக்கு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

வாத்தியார் ஐயாவுக்கும் ஒரு வழி பண்ணினேன். கடைசி அத்தியாயத்தின் ஓரங்களை ஒட்டி மூடிவிடச் சொல்லி, மேலே "இதுவரை படித்தவர்கள் மட்டும் கிழிக்கவும்" என்று அச்சடிக்கச் சொன்னேன். வீட்டுக்காரருக்குக்கூட முடிவைக் காட்டவில்லை. கொலைகாரன் யாரென்பது எனக்கும் அச்சகம் வைத்திருக்கும் லிம்முக்கும் மட்டுமே தெரியும், லிம்முக்குத் தமிழ் தெரியாது. அவர் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மலாயில் கேட்டார். "அலமாக்! எல்லாரும் புக்கு பிரிஞ்சு வருதுன்னுதான் என்கிட்ட சண்டைக்கு வருவாங்க. நீங்க ஏன் படிக்க முடியாதபடி ஒட்டச் சொல்றீங்க?"

அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ள

இந்தத் தடவை வாத்தியார் ஐயா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். நடக்கவில்லை. மண்டபத்துச் சாவி அவர் மகனிடம் இருக்கிறது. சரி, ஒட்டிய பிரதிதானே என்று ஒன்றைக் கொடுத்தேன். நூலைக் கிழிப்பது கலைமகளைக் கிழிப்பதற்குச் சமம் என்று சொல்லி அவர் கடைசி அத்தியாயத்தைத் தொடவே இல்லை. தொடாமலே மேடையேறினார். கொலைகாரர் கதையில் வருகிற பாதிரியார்தான் என்று அறிவித்தார். அதற்கு ஆதாரங்கள் வேறு. நான் எழுதாத வரிகளையெல்லாம் எடுத்து வீசினார். சபை அசந்து போனது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனந்தச் சிரிப்பு! மண்டபம் நிறைய ஆட்கள், ஒருத்தருக்கும் உண்மை தெரியாது. இறங்கி வந்து அவர் காலில் விழாத குறை. ஐயா, வீட்டுக்குப் போய்க் கடைசி அத்தியாயத்தையும் ஒரு பார்வை பாருங்களேன் என்று பணிவாகச் சொன்னேன். "எதுக்கும்மா? பாதிரியார்தான். நீங்க வேற யாரையாவது போட்டிருந்தா அடுத்த பதிப்புல திருத்திக்குங்க."

பெக்கான் நானாஸிலிருந்து ஒரு வாசகி

இது சின்னது. பெக்கான் நானாஸிலிருந்து ஒரு அம்மா போன் பண்ணினார். புத்தகம் டேமேஜ், கடைசிப் பக்கமெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வேறு அனுப்புங்கள் என்றார். ஆஹா, ஒருத்தர் கடைசி வரை வந்துவிட்டார் என்று துள்ளிக் குதித்தேன். கேட்டதில், இன்னும் படிக்கவில்லையாம், சும்மா புரட்டிப் பார்த்தாராம். அது வேண்டுமென்றே ஒட்டியது, கதை அங்கே வந்ததும் கிழித்துப் படிக்கணும் என்று பொறுமையாக விளக்கினேன். அந்தப் பக்கம் புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. "கிழிச்சிட்டா அப்புறம் மாத்திக் குடுக்க மாட்டீங்கல்ல?"

தீபாவளிக்குப் போன வீடுகள்

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வீடு வீடாகப் போனோம். எல்லா வீட்டுக் கண்ணாடி அலமாரியிலும் என் லிஸ்பன் நாவல் இருந்தது. பிள்ளைகள் வாங்கிய கோப்பைகளுக்குப் பக்கத்தில், முகப்பு வெளியே தெரிகிற மாதிரி நிற்க வைத்திருந்தார்கள். முறுக்கு எடுக்க அவர்கள் உள்ளே போகிற நேரத்தில் நான் மெல்ல எடுத்துப் புரட்டுவேன். ஒட்டு கலையவில்லை. அடுத்த வீட்டிலும் கலையவில்லை. ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று தவம் கிடந்தேன் அல்லவா, நான் கேட்டதற்கு மேலேயே பத்திரமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சேகரின் பிரதியைத் தேடி எடுத்தேன். கடைசி அத்தியாயத்தில் அப்படியே ஆடிப் போய்விட்டேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷன். அதிலும் ஒட்டு அப்படியே இருந்தது. இனி ஒரு வரி எழுதினால் என்னைச் செருப்பால் அடியுங்கள் என்று அழுதேன். அவர் மனுஷன், முகம் வெளுத்துத்தான் போனது. ஆனால் பதில் சொன்னாரே, அதைக் கேளுங்கள். "பாதிரியார்தானே மாலதி? வாத்தியார் ஐயா அவ்ளோ வெளக்கமா சொன்னதுக்கப்புறம் கிழிச்சுப் பாத்தா, அவர நம்பாத மாதிரி ஆயிடாதா?"

கிழித்தவர்

எழுதுவதை நிஜமாகவே விட்டிருந்தேன். அப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை காலையில் விஜயா அண்ணி குளுவாங்கிலிருந்து கிளம்பி வந்து வாசலில் நின்றார். கையில் லிஸ்பன் நாவல். காய் நறுக்குகிற கத்தியால் கிழித்திருக்கிறார் போல, கடைசிப் பக்கங்களின் ஓரம் எலி கடித்த மாதிரி இருந்தது. புத்தகத்தை மேசையில் போட்டார். "நான் எங்கடி?" என்றார்.

அவர் உட்காராமலே பொரிந்து தள்ளினார். நாவலில் வரும் பாட்டுக்காரியைப் பார்த்தாராம், அது அவர் இல்லை. நர்ஸையும் பார்த்தாராம், இல்லை. இவள் நம்மைக் கடைசி அத்தியாயத்தில்தான் ஒளித்து வைத்திருக்கிறாள், அதனால்தான் ஒட்டியிருக்கிறாள் என்று ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டே போயிருக்கிறார். பாதிரியார் என்று வாத்தியார் சொன்னதைப் பாதியிலேயே தூக்கிப் போட்டுவிட்டார், அவருக்கு வாத்தியாரைப் பிடிக்காது. பிறகு நர்ஸ்தான் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாராம். "கடைசியில பாத்தா அந்தக் கொழந்த டாக்டரு! பாவி, அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு நான் முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன்டி! கடைசிப் பக்கம் வரைக்கும் என்ன இப்படி ஏமாத்திட்டியே!"

திட்டுகிறார், திட்டுகிறார், எனக்கோ சந்தோஷம் தாங்காமல் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டேன். திட்டியதற்குத்தான் அழுகிறேன் என்று நினைத்து அண்ணி கொஞ்சம் இறங்கி வந்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, தேத்தண்ணி போடு என்றார். போட்டுக் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு என்னை முறைத்தார். "சரி, அழாதே. அடுத்த புக்ல என்னப் போடு. கொலைகாரியாவே போடு, பரவால்ல. ஆனா கடைசிப் பக்கம் வரைக்கும் அது நான்தான்னு எனக்கே தெரியக் கூடாது."

சர்வதேச மர்ம நாவல் எழுத எத்தனை நாடு பார்த்திருக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன், நாடு ஒன்றும் வேண்டாம், கோபித்துக்கொண்ட நாத்தனார் ஒருத்தி இருந்தால் போதும்.