வாளியைத்தான் பார்த்தேன்

எங்கள் விடுதியில் பதினோரு அறைக்கு ஒரே குளியலறை. விடிந்ததும் அவரவர் வாளியை அதன் வாசலில் வரிசையாக வைத்துவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்வோம். வாளி நின்றால் ஆள் நின்ற கணக்கு.

எனக்கு அடுத்த அறை தையல்காரருக்கு. நாற்பத்திரண்டு வயது, கல்யாணமாகவில்லை. மூன்று வருடமாக அவர் வாளி கடைசி அறை நர்ஸம்மாவின் வாளிக்குப் பின்னால்தான் நிற்கும். அவள் யூனிஃபார்முக்குப் பட்டன் தைக்கும்போது மட்டும் மனிதர் பாட்டு முணுமுணுப்பார். ஆறு மாதம் முன்பு மாடியறைக்கு ஒரு எலக்ட்ரீஷியன் வந்தான். அவன் பேச்சுக்கு அவள் ஒருநாள் வாய்விட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து தையல்காரருக்கு வயிறு எரிந்தது. எனக்கும் கொஞ்சம் எரிந்தது, மறைப்பானேன்?

அப்படியிருக்க, ஒரு காலை ஆறு மணிக்கு விடுதி முதலாளியை அவர் அறையிலேயே யாரோ கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டார்கள். முந்தைய நாள்தான் எலக்ட்ரீஷியன் மாடி ஒழுகுகிறதென்று அவரோடு சண்டை போட்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து விசாரித்தார்.

"குளிக்க வரிசையில நின்னேன் சார்" என்றான் எலக்ட்ரீஷியன்.

பார்த்தோம், பார்த்தோம் என்று தலையாட்டினோம். பார்த்ததாகவே நம்பினோம். தையல்காரர் மட்டும் தொண்டையைச் செருமினார்.

"நான் பாத்தது அவன் வாளியத்தான் சார். ஆளப் பாக்கல."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் உண்மையை அவ்வளவு ருசித்துச் சொன்னவரை நான் பார்த்ததில்லை. "ஆமா சார், வாளிதான்" என்று அடுத்து வந்த குரல் என்னுடையது.

இன்ஸ்பெக்டர் அவன் காலரைப் பிடித்தார். "அப்ப எங்கடா இருந்த?"

விலங்கு மாட்டப் போகும்போது நர்ஸம்மா எழுந்தாள்.

"என் ரூம்ல இருந்தார் சார். எங்களுக்கு ரிஜிஸ்டர் கல்யாணம் ஆகி நாலு மாசமாச்சு. குடும்பமா இருந்தா முதலாளி காலி பண்ணச் சொல்வார்னு மறைச்சோம்."

தையல்காரர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் முதலாளியின் மச்சானைப் பிடித்தார்கள். குற்றத்தை அவனே ஒப்புக்கொண்டான். அன்று சாயங்காலம் நர்ஸம்மா தையல்காரரின் அறை வாசலில் வந்து நின்றாள். நாலு வசவு விழும் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"உங்க மேல கோபமில்லண்ணா. உள்ளதத்தானே சொன்னீங்க. எனக்குக் கூடப்பொறந்தவங்க யாருமில்ல. கல்யாண விஷயத்த உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு இருந்தேன்."

"சந்தோஷம்மா" என்றார் தையல்காரர்.