படப்பைக்கு வராத காற்று

என் பெரியம்மாவை வெயில்தான் கொன்றது. படப்பையில், ஒரு பேருந்து நிறுத்தத்துத் தகரக் கூரைக்குக் கீழே அது நடந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அவள் பக்கத்தில் நான் மட்டும்தான் உட்கார்ந்திருந்தேன்.

பெரியம்மா, அம்மாவின் அக்கா. கோவளத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பத்தில் பிறந்து அங்கேயே வாக்கப்பட்டவள். அம்மா மட்டும் அப்பாவைக் கட்டிக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வந்துவிட்டாள். ஞாயிறுதோறும் பெரியம்மா விடிகாலை ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையோடு பஸ் ஏறி வந்து எங்கள் தெருக்களில் விற்பாள். பதினோரு மணிக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புவாள்.

கோடை வந்தால் எங்கள் வீட்டில் வெயிலைத் தவிர வேறு பேச்சே கிடையாது. தொலைக்காட்சிச் செய்தியில் நுங்கம்பாக்கம் எவ்வளவு, மீனம்பாக்கம் எவ்வளவு என்று சொல்வார்கள். எங்களுக்குப் பக்கத்திலிருக்கிற தாம்பரத்தை ஒருவரும் சீந்தமாட்டார்கள். அப்பாவுக்கு அதில் பெரிய மனத்தாங்கல். மீனம்பாக்கத்தோடு தன் பங்குக்கு ஒரு டிகிரியைக் கூட்டி, "நம்மளுது இதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். பெரியம்மாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. அவள் ஊரில் பதினோரு மணிக்கெல்லாம் கடல்காற்று இறங்கிவிடும். அது எங்களிடம் வந்து சேர மதியம் மூன்று மணி ஆகும்.

"நாங்க துன்னுட்டு மிச்சம் வெச்ச காத்துதான் உங்களுக்கு வருது. எச்சக் காத்து," என்று அப்பாவைச் சீண்டுவாள்.

அந்தக் குப்பத்தில் காற்றை வைத்துத்தான் பொழுது. வெயில் ஏறினால் இருந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். காற்று இறங்கியதும் எழுந்து விட்ட வேலையைத் தொடுவார்கள். காத்திருந்தால் வரும் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அந்த மே மாதம் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கட்டுமரத்து மீனுக்கு நல்ல கிராக்கி. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டுமரங்கள் கரைக்கு வரத் தாமதமாகிவிட்டது. பெரியம்மா வந்து சேர்ந்தபோது எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் வேறு யாரிடமோ வாங்கிய மீன் குழம்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கூடை நிறையச் சங்கராவும் கிழங்கானும். தாம்பரத்துக்கும் மேற்கே, படப்பைப் பக்கம் புதிது புதிதாக வீடுகள் வந்திருக்கின்றன, அங்கே போய்ப் பார்க்கிறேன் என்றாள். வழியில் அவள் வாங்கித்தரும் ரோஸ்மில்க் ஆசையில் நானும் வருவேன் என்று அழுது அடம்பிடித்துத் தொற்றிக்கொண்டேன். அம்மா ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தனுப்பினாள்.

படப்பையில் தெருத்தெருவாக நடந்தோம். உச்சிப்பொழுதில் எல்லாக் கதவுகளும் சாத்திக்கொண்டன. கூடையில் பாதி மீன் அப்படியே இருந்தது. பெரியம்மா பேருந்து நிறுத்தத்தில் கூடையை இறக்கி வைத்தாள்.

"காத்து எறங்கட்டும்டி. சனம் வெளியே வரும். மீதிய வித்துட்டுப் போயிடலாம்."

எதிரே இருந்த டீக்கடைக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "கடல் காத்தா? அது இங்க எங்கம்மா வருது? மேக்கால இருந்து அனல்தான் அடிக்குது. பஸ் வந்தா ஏறிப் போயிடுங்க," என்றார்.

"வராம எங்க பூடப் போவுது?" என்று பெரியம்மா சிரித்தாள். இவருக்குக் காற்றைப் பற்றி என்ன தெரியும் என்கிற சிரிப்பு அது. எனக்கும் பெருமையாக இருந்தது. இரண்டு பஸ்களை விட்டோம்.

கூடையில் ஐஸ் உருகித் தேங்கிய தண்ணீரை அள்ளி அள்ளி மீன்மேல் தெளித்துக்கொண்டே இருந்தாள். பாட்டிலை நீட்டினால், "எனக்குத் தாகமே இல்லடி, நீ குடி" என்றாள். நான் குடித்தேன், கடைசிச் சொட்டுவரை. கூடை தூக்கி ஊர் ஊராகப் போகிற பெண்களுக்கு வழியில் ஒதுங்க இடம் இல்லை, அதனால் அவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை என்பது எனக்கு அன்று தெரியாது. அந்தப் பாட்டிலை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் ஆத்திரம் வரும்.

வெகுநேரம் கழித்து அவள் பேச்சு குழறியது. "வலைய எடுத்தாடா" என்று அங்கே இல்லாத யாரிடமோ சொன்னாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். காலையிலிருந்து முதுகோடு ஒட்டிக்கிடந்த ரவிக்கை காய்ந்திருந்தது. நெற்றியிலும் கழுத்திலும் ஒரு பொட்டு வியர்வை இல்லை. எனக்கோ ஊற்றிக்கொண்டிருந்தது. பெரியம்மா கண்ணைத் திறக்காமலே, "காத்து வந்துச்சு பாத்தியா," என்றாள்.

நான் நம்பினேன். கடலோரத்தில் பிறந்தவள், எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் வியர்வை அடங்கிவிட்டது என்று கணக்குப் போட்டேன். அவளை எழுப்பாமல், எனக்கும் வரட்டும் என்று கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

டீக்கடைக்காரர்தான் எதற்கோ திரும்பிப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். அவள் கையைத் தொட்டவர் சுட்டதுபோல் வெடுக்கென்று தன் கையை இழுத்துக்கொண்டார். ஷேர் ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

குப்பத்தில் அவளைக் கிடத்தியிருந்தபோது, கடைசியாக அக்கா என்ன சொன்னாள் என்று அம்மா கேட்டாள். காற்று வந்துவிட்டது என்று சொன்னாள், வியர்வைகூட அடங்கிவிட்டது என்றேன். அழுதுகொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். "மகராசி, குளுமையாத்தான் போயிருக்கா," என்றாள் ஒருத்தி. நல்ல சேதி கொண்டுவந்த பிள்ளையைப்போல எல்லாரும் என் தலையைத் தடவினார்கள்.

வெயில் தாக்கியவருக்கு வியர்வை நின்றுபோவதுதான் கடைசி எச்சரிக்கை, அந்த நேரத்தில் மீன் தண்ணீரையாவது தலையில் ஊற்றியிருந்தால் அவள் பிழைத்திருக்கக்கூடும் என்பதைக் கல்லூரியில் சேர்ந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மா படிக்கவில்லை. பெரியம்மாவைப் பற்றி யார் கேட்டாலும், "காத்து வந்துச்சுன்னு சொல்லிட்டுத்தான் போனா. பக்கத்துல இவதான் இருந்தா, கேட்டுப் பாருங்க," என்று இன்றும் என்னைக் கைகாட்டுகிறாள். நான் ஆமாம் என்கிறேன்.