தப்பாகத் தொட்ட எழுத்துகள்

எழுபதுகளின் கடைசியில், மதுரையில் தொண்டைக் கட்டியை வெட்டியெடுத்தபோது எனக்குப் பேச்சு போனது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதக் கை வராது. சமயநல்லூர் வீட்டுக்குத் திரும்பியதும் கணவர் அரிச்சுவடி அட்டை வாங்கித் தந்தார். நான் எழுத்துகளைத் தொட்டுக் காட்டுவேன், அவர் தங்கை வாசித்துச் சொல்வாள்.

ஒருநாள் 'வலிக்குது' என்பதற்கு 'வழிக்குது' என்று தொட்டுவிட்டேன். உறவுக்காரர்கள் முன்னால் அவள் அதை உரக்கப் படித்தாள்.

"எதை வழிக்கிறாளாம்? சட்டியையா?" என்றார் மாமியார்.

எல்லாரும் சிரித்தார்கள். யாரும் மாத்திரை தரவில்லை. அதன்பின் தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் நான் அட்டையைத் தொடவே இல்லை. பசித்தாலும் சும்மா கிடந்தேன்.

எனக்குக் காதும் போய்விட்டதாக நினைத்தார்களோ என்னவோ, என் எதிரிலேயே மாமியார் மகனிடம் சொன்னார்: "ஊமைய வச்சுக்கிட்டு எம்புட்டு நாளைக்கு அழுவ? பேரையூர்ல பொண்ணு பாத்தாச்சு. தையில முடிச்சுருவோம்."

கணவர் சரியென்று தலையாட்டினார்.

அட்டையை இழுத்தேன். 'கோற்ட்டுக்கு போவென்' என்று தொட்டேன்.

"கோர்ட்டுன்னே எழுதத் தெரியல, கேஸ் போடப் போறாளாம்!" என்று சிரித்தாள் தங்கை.

நான் நிறுத்தவில்லை. அதே தப்போடு மறுபடி தொட்டேன். மறுபடியும் தொட்டேன். அவள் சிரிப்பு நின்றது. கணவர் எழுந்து வெளியே போனார்.

கல்யாணப் பேச்சு அதோடு நின்றுபோனது. அட்டையை மாமியார் அடுப்பில் போட்டார். மறுநாள் ஈர விரலால் சமையலறைத் தரையில் 'பசிக்கிது' என்று கோணலாக எழுதி, அவர் படிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.