கடைசி இலைக்குப் போட்டி

1978, ஆடி மாதத்து ஞாயிறு. காலை ஆறரைக்குத் திருவள்ளூர் பேருந்து நிலையத்தில் பெரியபாளையம் வண்டியில் ஏறினேன். ஆடி ஞாயிறன்று அந்த வண்டியில் உட்கார இடம் கிடைக்கும் என்று எந்த அரசாணையும் உறுதி சொல்லவில்லை. மணவாள நகரிலிருந்து ரயில் பாதையைத் தாண்டி நான் வந்து சேர்வதற்குள், மஞ்சள் புடவைகளும் வேப்பிலைக் கட்டுகளும் பொங்கல் பானைகளும் எல்லா இருக்கைகளையும் பிடித்துவிட்டிருந்தன. பவானியம்மனைப் பார்க்கப் போகிற கூட்டம். டிக்கெட் தொண்ணூற்றைந்து பைசா, நிற்பதற்கும் அதே விலை.

வெங்கல் தாண்டியதும் ஒரு அம்மாள் எழுந்து, தன் கையிலிருந்த கோழியை என்னிடம் நீட்டினார்.

"பெரியவரே, இத்தக் கொஞ்சம் புடிச்சிக்கினு இருங்க. புடவைய சரி பண்ணிக்கறேன்."

"கொத்துமா?" என்றேன்.

"அது கோயிலுக்குப் போற கோழி. உங்களக் கொத்தறதுக்கு அதுக்கு நேரம் ஏது?"

பெரியபாளையம் வரை கோழி என்னிடமே இருந்தது. அம்மாள் அதற்குள் தூங்கிவிட்டார்.

என் பயணம் அம்மனுக்கல்ல, ஆசீர்வாதத்துக்கு. மணவாள நகரில் நான் வீடு கட்டியபோது சித்தாள் வேலைக்கு வந்தவர் ஆசீர்வாதம். கும்மிடிப்பூண்டிப் பக்கம். அவருடைய அப்பா நிலக்காரர்களின் வயலில் கூலிக்கு உழைத்தவர். இவர் செங்கல் சுமந்தார். கும்மிடிப்பூண்டியில் புதிது புதிதாக ஆலைகள் கிளம்பியபோது, நிரந்தர வேலைக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். எழுதிக் கொடுத்தேன். கலெக்டர் ஆபீசில் முப்பது வருடம் இருந்தவனுக்கு விண்ணப்பம் எழுதுவது மூச்சு விடுவது மாதிரி. வேலை கிடைத்துவிட்டது. அது என் விண்ணப்பத்தால் என்று நானும், தன் ஜெபத்தால் என்று அவர் மனைவி எஸ்தரும் நம்புகிறோம்.

வேலை கிடைத்தால் சபை முழுவதற்கும் அசனம் போடுவதாக ஆசீர்வாதம் நேர்ந்துகொண்டிருந்தார். அசனம் என்பது சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. சோறு போடுவது மட்டுமல்ல, ஒவ்வொரு இலைக்கும் தன் கையாலேயே பரிமாறுவேன் என்பது நேர்ச்சை. அன்றுதான் அந்த அசனம்; என்னையும் அழைத்திருந்தார்.

பெரியபாளையத்தில் கோழியை அதன் உரிமையாளரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு டீ குடித்தேன். பக்கத்து ஆரணி வழியாகப் புதுவாயல் போகும் வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. இருபுறமும் நாற்றங்கால் பச்சை. புதுவாயலில் இறங்கி, கல்கத்தா போகும் நெடுஞ்சாலையில் வேறு வண்டி பிடித்தேன். அங்கே பச்சை முடிந்து, சுண்ணாம்பு அடிக்காத புதுச் சுற்றுச்சுவர்களும் புகைபோக்கிகளும் தொடங்குகின்றன. கும்மிடிப்பூண்டியிலிருந்து மேற்கே இரண்டு மைல் நடை. நான் போய்ச் சேரும்போது ஆராதனை நடந்துகொண்டிருந்தது.

ஓடு வேய்ந்த சிறிய கோயில். வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். பந்தலுக்குப் பின்னால் அண்டாவில் ஆட்டுக்கறி கொதிக்கும் மணம் பிரசங்கத்தோடு போட்டியிட்டுக்கொண்டிருந்தது. போதகர் இளைஞர், நன்றாகப் பேசினார். விருந்துக்கு அழைக்கப்பட்டால் முதல் இடத்தில் போய் உட்காராதே, கடைசி இடத்தில் உட்கார் என்று இயேசு சொன்ன உவமைதான் அன்றைய பிரசங்கம். சபையின் செயலாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஆலைகளுக்குக் கூலியாட்களை அனுப்பும் காண்டிராக்டர் ஒருவர் சபையின் பெரிய காணிக்கைக்காரர். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோதுதான் ஆசீர்வாதம் என் காதில் விஷயத்தைப் போட்டார்.

"ஐயா, ஆர்டர் வந்துட்டுது. இன்னிக்கு ரெண்டு மணி ஷிப்டுல போய் நிக்கணுமாம்."

"ஞாயிற்றுக்கிழமையா? ஞாயிறன்று யாரையும் வேலையில் சேர்க்கிற வழக்கம் கிடையாதே."

"இரும்பு காய்ச்சற ஒலைக்கு ஏதுங்க ஞாயித்துக்கெழம? இன்னிக்குப் போவலன்னா அடுத்த பேரக் கூப்ட்ருவாங்களாம். கம்பெனி வேனு ஒண்ணேகாலுக்கு இந்த ரோட்டுலதான் வரும். அத்த வுட்டா அஞ்சு மைலு ஓடணும்."

அப்போது பன்னிரண்டரை. பந்தலில் இரண்டு வரிசையாகப் பாயை விரித்து, அறுபது இலைக்கு மேல் போட்டிருந்தார்கள். முக்கால் மணி நேரத்தில் அத்தனை இலைக்கும் ஒரே ஆள் பரிமாற முடியுமா? முடியும், எல்லாரும் உடனே உட்கார்ந்தால். அதில் என்ன சிரமம் என்றுதான் நினைத்தேன்.

செயலாளர் நேராகப் பந்தலின் கடைக்கோடிக்குப் போய், கடைசி இலைக்கு முன் நின்றார். காண்டிராக்டரும் அதே இலைக்கு வந்து சேர்ந்தார்.

"சார், நீங்க முன்னாடி போங்க. இது என் எடம்."

"அதெப்படி? சபைக்கு இவ்ளோ செய்யறீங்க, நீங்கதான் முன்னாடி."

"நான் யாரு சார்? ஒரு புழு."

"நீங்க புழுன்னா நான் இன்னா? தூசி."

புழுவும் தூசியும் ஒன்றையொன்று முன்னால் தள்ளிக்கொண்டிருந்தன. போதகர் சமாதானம் செய்ய வந்தார். வந்த இடத்தில், தான் முதலிலையில் உட்கார்ந்தால் காலைப் பிரசங்கம் என்னாவது என்று அவருக்கே தோன்றிவிட்டது போலும். அவரும் கடைசி இலைப் பக்கமே நின்றுவிட்டார். பெரியவர்கள் உட்காராமல் மற்றவர்கள் உட்கார்வது அந்த ஊரில் வழக்கமில்லை. அறுபது பேர் பசியோடு ஓரமாக நின்றார்கள். முதலிலைக்குப் பக்கத்தில் போகவே எல்லாரும் பயந்தார்கள். ஒரு காகம் மட்டும் பயப்படாமல் வந்து பார்த்தது.

எனக்குப் பழக்கமான துறை இது. மந்திரிகள் வரும் விழாக்களில் யாருக்கு எந்த நாற்காலி என்று பட்டியல் போட்டவன் நான். முன்வரிசைக்காக மனிதர்கள் தோளை இடித்துக்கொண்டதை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். பின்வரிசைக்காக இடித்துக்கொள்வதைப் பார்த்தது அன்றுதான். தோள்கள் அதே தோள்கள்தான்.

முறைப்படி ஒரு தீர்வு செய்தேன். பந்தலின் நடுவில் நின்று, "பந்தி இந்தக் கோடியிலிருந்து தொடங்கும். இதுதான் முதலிலை!" என்று கடைசி இலையைக் காட்டி அறிவித்தேன். தலைகீழாக்கினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது என் கணக்கு. செயலாளரும் காண்டிராக்டரும் ஒரு கணம் யோசித்தார்கள். பிறகு இருவரும், பின்னால் போதகரும், பந்தலின் முழு நீளத்தையும் நடந்து மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காண்டிராக்டர் கொஞ்சம் ஓடினார் என்றுகூடச் சொல்லலாம்.

"இன்னாடா இது பேஜாரா போச்சி," என்றார் ஓரத்தில் நின்ற ஒருவர். "பசி காதடைக்குது. இவங்க கபடி ஆடறாங்க."

ஆசீர்வாதம் சோற்றுக்கூடையைத் தூக்கிக்கொண்டு நின்றார். புதுக் காக்கிச் சட்டை, அதன்மேல் துண்டு. அவர் கண்கள் சாலைக்கும் பந்தலுக்குமாகப் போய் வந்தன. நேர்ச்சையை முடிக்காமல் வேலைக்குப் போக அவருக்கு மனமில்லை. வேலைக்குப் போகாவிட்டால் நேர்ச்சைக்கே அர்த்தமில்லை. மணி ஒன்றைத் தாண்டியது. தூரத்தில் வேனின் ஹாரன் கேட்டது.

எஸ்தர் அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். முகத்தில் கரி. கையில் கரண்டி.

"ந்தாய்யா, நீ சோத்த எடுத்துக்கினு ரெடியா நில்லு. நான் ஆளப் புடிச்சிக்கினு வரேன்."

கரண்டியோடு போய் நடுச்சாலையில் நின்றுகொண்டார். வேன் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். ஆரம்பாக்கத்துக்காரர், பேச்சில் தெலுங்கு வாடை.

"இன்னாம்மா, வந்து வுழ என் வண்டிதான் கெடச்சுதா?"

"வுழறதுக்கு இல்லண்ணே, துன்றதுக்கு. எறங்கு."

"டூட்டி டைம்மா. வுடு."

"ஆட்டுக்கறி."

இஞ்சின் நின்றது.

டிரைவரும் ஷிப்டுக்குப் போகிற எட்டு ஆட்களும் இறங்கி வந்தார்கள். நெற்றியில் திருநீறு, கழுத்தில் கைக்குட்டை. பந்தலில் எது முதல், எது கடைசி என்ற ஆராய்ச்சியே அவர்களுக்கு இல்லை. நுழைந்ததும் எதிரில் இருந்த இலையில் டிரைவர் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் வரிசையாக மற்றவர்கள்.

"இன்னா நைனா, முழிச்சிக்கினு நிக்கற? போடு."

ஆசீர்வாதம் போட்டார். முதல் இலைக்குச் சோறு விழுந்த சத்தம் கேட்டதுதான் தாமதம், அறுபது பேரும் எங்கெங்கே இலை தெரிந்ததோ அங்கங்கே உட்கார்ந்தார்கள். காண்டிராக்டர் டிரைவருக்கு மறுபக்கம் நாலு இலை தள்ளி இடம் பிடித்தார். செயலாளர் அவருக்கும் முன்னால். போதகர் ஜெபம் செய்ய எழுந்தபோது டிரைவர் முதல் கவளத்தை உருட்டி வாயருகே கொண்டுபோயிருந்தார். மற்றவர்கள் கண்ணை மூடுவதைப் பார்த்துத் தானும் மூடிக்கொண்டார். கவளம் அந்தரத்தில் நின்றது. போதகர் ஒரு கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார். அவர் வாழ்நாளிலேயே சிறிய ஜெபம் அதுவாகத்தான் இருக்கும்.

அந்த எட்டுப் பேரில் இருவர் மஞ்சள் காப்புக் கட்டியிருந்தார்கள். "அக்கா, நாங்க கறி துன்ன மாட்டோம். அம்மனுக்கு வெரதம்," என்றார்கள் தயக்கத்தோடு. எஸ்தர் உள்ளே ஓடி, தன் வீட்டுக்கென்று வைத்திருந்த பருப்பையும் மோரையும் கொண்டுவந்து ஊற்றினார். சோறு வேறு அண்டாவில் வெந்தது என்றும், கரண்டி வேறு என்றும் அவர்களுக்கு உறுதி சொன்னார்.

அழைக்கப்பட்டவர்கள் வராதபோது, வீதியில் போகிறவர்களைக் கூட்டி வந்து பந்தியை நிரப்பிய எஜமானின் கதை ஒன்று உண்டு. போதகர் காலையில் படித்த பகுதிக்கு அடுத்தே வருகிறது. நேரமில்லாமல் விட்டுவிட்டார். எஸ்தர் அதை நடத்திக் காட்டினார்.

எனக்கு மிஞ்சியது கடைசி இலை. அத்தனை பேர் ஆசைப்பட்ட இடம் என்பதால் பெருமையோடுதான் உட்கார்ந்தேன். ஆசீர்வாதம் என்னிடம் வந்து சேர்ந்தபோது வாளியின் அடி தெரிந்தது. கறி இருந்ததற்கான வாசனை மட்டும் குழம்பில் இருந்தது. அவர் முகம் வாடிவிட்டது.

"ஐயா, உங்களுக்குப் போயி..."

"போடும். உம்முடைய நேர்ச்சையில் கறி என்று எழுதவில்லை, இலை என்றுதான் இருக்கிறது. எல்லா இலையும் முடிந்ததா?"

அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "முட்ஞ்சிதுங்க," என்றார். சிரித்தார்.

அதற்குள் ஒன்றேகால் எப்போதோ கடந்திருந்தது. அது பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை. டிரைவர் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டிருக்கும்போது வேன் எப்படிப் போகும்? கடைசியில் அவரே ஏப்பம் விட்டு எழுந்து, "ஏறு, ஏறு! பத்து நிமிசத்துல கொண்டுபோய்த் தள்றேன்," என்று விரட்டினார். என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். எஸ்தர் ஓடி வந்து ஜன்னல் வழியே கணவர் மடியில் ஒரு தூக்குச்சட்டியை வைத்தார். ஊருக்கெல்லாம் பரிமாறிய ஆள் அதுவரை ஒரு வாய் சாப்பிடவில்லை.

தூக்கைத் திறந்தால், கறித் துண்டுகள். "கை வைங்க ஐயா," என்றார் ஆசீர்வாதம். வேண்டாம், இருக்கட்டும், நீர் சாப்பிடும் என்று மூன்று முறை மறுப்பது முறை. முதல் முறையைத் தொடங்கியபோதே டிரைவர் திரும்பாமல் கத்தினார்: "துன்னு பெரியவரே! பிகு பண்ணாத!" கை வைத்தேன். வேன் குலுங்கிய குலுக்கலில் பாதிக் குழம்பு என் வேட்டிக்குப் போனது. ஏற்கெனவே வயிறு நிறையச் சாப்பிட்டவர்களும் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள்.

ஆலை வாசலில் நின்றபோது சங்கு ஊத ஆரம்பித்தது. காவலாளி கதவின் ஒரு பாதியைச் சாத்திக்கொண்டிருந்தார். ஆசீர்வாதம் கை கழுவக்கூட நேரமில்லாமல் இறங்கி ஓடினார்.

"புது ஆளா? மொத நாளே விருந்தாடா?" என்ற காவலாளியின் குரல் கேட்டது.

"ஆமாண்ணே, நான் போட்டது!"

சங்கு ஓய்வதற்குள் அந்தக் காக்கிச் சட்டை கதவுக்குள் மறைந்துவிட்டது.

நெடுஞ்சாலையில் புதுவாயல் பேருந்துக்காக நின்றபோது எங்கள் ஊர்ச் சபையை நினைத்துக்கொண்டேன். அங்கும் வருடத்துக்கொரு அசனம் உண்டு. மேசை, நாற்காலி, ஒவ்வொரு நாற்காலிக்கும் பெயர் எழுதிய அட்டை. அட்டை எழுதுவது நான். யாருக்கும் மனத்தாங்கல் வராதபடி எழுதுவேன் என்று பெயர். வருகிற அசனத்துக்கு எழுதப் போவதில்லை. வேலையை வேறொருவர் தலையில் கட்டும் முறையும் எனக்குத் தெரியும்.

பேருந்து வந்தது. ஏறியதும் இடது கையால் காசை நீட்டினேன். கண்டக்டர் முகம் சுளித்தார்.

"இன்னா பெரியவரே, படிச்சவரு மாதிரி கீறீங்க. பீச்சாங்கையால டப்பு குடுக்கறீங்க?"

வலது கையைக் காட்டினேன். குழம்பு காய்ந்திருந்தது. அவர் குனிந்து முகர்ந்தார்.

"ஆட்டுக்கறியா? எங்க?"

ஊரைச் சொன்னேன்.

"அடடா. கூப்ட்டிருந்தா நாங்களும் வந்திருப்பமே."

"கூப்பிட வேண்டியதில்லை," என்றேன். "அந்தப் பக்கம் போனால் வண்டியை நிறுத்து. கையில் கரண்டியோடு ஒரு அம்மா நிற்பார்."