பம்புக்குச் சுற்றிய சேலைத்துணி

தொப்பை குறைய சைக்கிள் வாங்கினேன். தொப்பை அப்படியே இருக்கிறது. சைக்கிள் பாரில் மாட்டிய காற்றடிக்கும் பம்பு உரசி, புது டிரவுசர்தான் தொடையில் தேய்ந்துவிட்டது.

எழுபதுகளில், கேரள எல்லையிலுள்ள வாளையாரில், அப்பாவின் பேண்ட்டும் இதே இடத்தில்தான் தேயும். அம்மா பழைய சேலையைக் கிழித்துப் பம்பின்மேல் தடிமனாகச் சுற்றினாள். அரிசி கடத்தல் நடந்த காலம் அது. ஒருநாள் சைக்கிளில் போன அப்பாவையும் என்னையும் செக்போஸ்ட் காவலர் நிறுத்தி, சேலைத்துணியை அமுக்கிப் பார்த்தார்.

"எந்தாடோ இது, அரியாணோ?" அரிசியா என்று மலையாளத்தில் கேட்டார்.

"பம்புங்க சார். பேண்ட் தேயுதுன்னு ஊட்டுல சுத்திக் குடுத்தாங்க" என்றார் அப்பா.

அவிழ்த்துப் பார்த்தவர், தேய்ந்திருந்த தன் காக்கி பேண்ட்டைத் தடவினார். அவரும் சைக்கிள்காரர். துணியை வைத்துக்கொண்டு எங்களை விட்டார்.

வீட்டில் அம்மா வெறும் பம்பைப் பார்த்தாள்.

"ஏனுங்க, எம்பட சீலைய எவளுக்குக் குடுத்தீங்க?"

கேரியரில் இருந்த நான் நடந்ததைச் சொன்னேன்.

"இப்பிடிச் சொல்றதுக்கு உனக்கு என்றா வாங்கிக் குடுத்தாரு?" என்றாள் அம்மா.