ஒயரில் சுற்றியிருந்த பிளாஸ்டர்

வேக்குவம் கிளீனரின் ஒயரில், பிளக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் சுற்றியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். மேலுறை கிழிந்து செம்புக் கம்பி பல்லைக் காட்டியது. வீட்டில் இருப்பது மூன்று பேர். என் கணவருக்கு மளிகைக் கடையை விட்டால் வேறு உலகம் கிடையாது, அந்த மிஷினைத் தொட்டதே இல்லை. நான் செய்யவில்லை. மிச்சம் மைனிதான்.

மைனி என் கணவரின் அக்கா. தன் கணவர் இறந்தபின் எங்களோடு மில்லர்புரத்துக்கு வந்துவிட்டவர். துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் எனக்கு வேலை. நான் வீடு திரும்பும்போது அவர் விளக்கேற்றி முடித்திருப்பார். எனக்கோ தூசி ஒத்துக்கொள்ளாது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தால் தரையெல்லாம் புழுதி. வந்ததும் மிஷினைப் போடுவேன்.

"வெளக்கு வச்ச பொறவு பெருக்காதளா, லெச்சுமி போயிருவா" என்பார்.

"இது விளக்குமாறு இல்ல மைனி, மிஷினு" என்பேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒயர் எப்படிக் கிழிந்தது என்று கேட்டபோது, "எனக்கென்னளா தெரியும்" என்றார், என்னைப் பார்க்காமல். எனக்கு அதுவே போதும். மிஷினைப் போடவிடாமல் செய்ய வெட்டியிருக்கிறார், அப்புறம் பயந்துபோய் ஒட்டியிருக்கிறார். அன்றே கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். அக்கா கொஞ்ச காலம் பக்கத்தில் புதுக்கோட்டையில் இன்னொரு தம்பி வீட்டில் இருக்கட்டும் என்றேன். அவர் கணக்கு நோட்டை மூடிவிட்டு, "ஞாயித்துக்கெழம கடை வண்டில கொண்டு விடுதேன்" என்றார்.

ஒயர் மாற்றப் போன எலக்ட்ரிக்கல் கடையிலும் நான் நகரவில்லை. கொடுத்துவிட்டு வந்தால் மெல்லிசு ஒயரைப் போட்டுத் தலையில் கட்டிவிடுவார்கள். "உக்காருங்கம்மா, ஒயரை நான் தின்னுர மாட்டேன்" என்றார் கடை அண்ணாச்சி. நான் உட்காரவில்லை.

புது ஒயர் வந்தபின் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. மாலையில் தொட்டால் மிஷின் சூடாக இருந்தது. நான் இழுத்த தூசிக்கு மேலாகவே தூசிப்பை நிறைந்திருந்தது. தரையில் மட்டும் அவ்வளவு புழுதி இல்லை. கச்சான் தணிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மைனி பக்கத்து வீட்டுக்கு மிஷினை இரவல் கொடுக்கிறார் என்று முடிவு கட்டினேன். கையும் களவுமாகப் பிடிக்க, சனிக்கிழமை தலைவலி என்று பொய் சொல்லிச் சீக்கிரமே கிளம்பினேன். வழியெல்லாம் கச்சான் கண்ணில் மண்ணைப் போட்டது.

வாசல் தெளித்து ஈரமாக இருந்தது. ஹாலில், படுக்கையறைக் கதவை ஒட்டிய பாயிண்டில் பிளக் மாட்டியிருந்தது. கதவு சாத்தியிருக்க, உள்ளே மிஷின் இரைந்தது. பழையது கிழிந்த அதே ஒரு முழத்தில், புது ஒயர் கதவிடுக்கில் நசுங்கிக் கிடந்தது.

சுவிட்சை அணைத்தேன். கதவைத் திறந்த மைனி என்னைக் கண்டதும் மிஷின் குழாயைக் கீழே வைத்தார். சேலையை இடுப்பில் செருகியிருந்தார். கையிலும் காலிலும் ஈரம்.

"சத்தம் கேட்டா பக்கத்து வீட்டுக்காரி உங்கிட்ட சொல்லிருவா. அதான் கதவைச் சாத்துனேன்."

"நீங்க ஏன் மைனி இதப் போடுதிய?"

"தரை சுத்தமா இருந்தா, வெளக்கு வச்ச பொறவு நீ போட மாட்டன்னு நெனச்சேன். நீ எங்க கேக்க?"

"இந்த ஈரக் கையோடயா அந்தக் கிழிஞ்ச ஒயரையும் புடிச்சிய?"

"அதான் பிளாஸ்டர் சுத்துனம்லா" என்றார்.

பிளக்கைப் பிடுங்கினேன். அந்த வீட்டில் நான் வேவு பார்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அவர் சாவோடு தரை பெருக்கியிருக்கிறார். அவருக்குப் பின்னால், கட்டில்மேல், துணிப்பை கட்டித் தயாராக இருந்தது. தம்பி வீட்டுக்கு அனுப்பப்போவதைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"நாளையிலருந்து நீதான் வெளக்கு வைக்கணும். பெருக்கிட்டு வையி, என்னளா?" என்றார்.

கணவருக்குப் போன் போட்டு, நாளைக்கு வண்டி வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். வேண்டாமென்றால் வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.